பெயரில்லாத வேலைக்குப் போனவர்

டைக்ஸ்ட்ரா என்ற பெயர் நம் நெட்வொர்க் நோட்டில் ஒரே வரியில் வந்து போய்விடும். பரீட்சைக்கு அது போதும். ஆனா அந்த மனுஷன் கதை ஒரு வரியில் அடங்காது.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும்போதே, 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமர் வேலை கிடைத்தது. அங்கேதான் குழப்பம். இயற்பியல் என்றால் மதிப்பு உண்டு. புரோகிராமிங் என்று தனிப் படிப்பே அன்றைக்குக் கிடையாது. மையத்தில் மூத்தவரான வான் வைங்கார்டன் தைரியம் சொன்ன பிறகே இந்தப் பக்கம் வந்தார். 1957-ல் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, புரோகிராமர் என்று ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். கோட்பாட்டு இயற்பியலாளர் என்றுதான் பதிவானது. எங்க வீட்ல முதல்ல படிக்க வந்தவன் நான். என்ன படிக்கிறேன்னு ஆயாவுக்குச் சொல்லிப் புரியவைக்க இன்னும் முடியல. அதனால இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1956-ல் ஒருநாள், மணக்கப்போகும் ரியாவோடு கடைவீதி சுற்றிக் களைத்து, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தார். ஊருக்கு ஊர் குறுகிய வழி காண்பது எப்படி என்று யோசித்தார். பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. இருபது நிமிஷத்தில் விடை வந்தது.

நம்ம கச்சிராயபாளையத்தையே எடுத்துக்குவோம். சேலம் போக நேரே சின்னசேலம் வழி ஒன்று, கள்ளக்குறிச்சி சுற்றி ஒன்று. எடுத்ததும் சேலத்தைப் பார்க்கக் கூடாது. புறப்படும் இடத்துக்கு ரொம்பக் கிட்டத்து ஊர் எதுவோ அதை முடிவு செய். அந்தத் தூரம் இனி மாறாது. அங்கிருந்து அடுத்த ஊர்களுக்குத் தூரத்தைக் கூட்டு. முன்பு குறித்ததைவிடக் குறைந்தால் மாற்றி எழுது. மிச்சத்தில் கிட்டத்து ஊரை எடு. சேலம் முடிவாகும்வரை இதேதான்.

மூன்றே பக்கக் கட்டுரையாக 1959-ல் இது அச்சானது. முப்பது வருஷம் கழித்து, 1989-ல் வந்த ஓஎஸ்பிஎஃப் இதையே ரவுட்டருக்குள் வைத்தது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளின் காஸ்டை மற்றவற்றுக்கு அறிவிக்கும். எல்லோரிடமும் ஒரே மேப் சேரும். தன்னையே புறப்படும் ஊராக வைத்து ஒவ்வொன்றும் கணக்குப் போடும். காஸ்ட் இங்கே கிலோமீட்டர் இல்லை, பெரும்பாலும் வேகமான லைனுக்குக் காஸ்ட் குறைவு. இரண்டு வழிக்கும் காஸ்ட் சமமாக வந்தால்? இரண்டையும் வைத்துக்கொண்டு போக்குவரத்தைப் பிரித்து விடலாம். ஆனால் ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளை ஒரே வழியில் அனுப்புவதுதான் வழக்கம். இல்லாட்டி பின்னால் கிளம்பியது முன்னால் வந்து வரிசை குழம்பும். லைன் அறுந்தால் மறுபடி கணக்கு.

1972-ல் டூரிங் விருது பெற்றார். பிறகு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பேராசிரியர். ஊற்றுப் பேனாவால் 1300-க்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதி, நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். 2002 ஆகஸ்ட் 6-ல், சொந்த நாட்டில், நியூனன் ஊர் வீட்டில் புற்றுநோயால் காலமானார்.