வானத்தில் ஓடும் எலக்ட்ரான் ஆறு

இந்த மாதம் நான் டாக்டர் விக்ரம் சாராபாயைப் பற்றி எழுதியிருக்கேன். ராக்கெட் விட்டவர்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஏன் தும்பாவுல போய் விட்டார்? அதையும் சொல்றேன்.

அவர் 12.8.1919 அன்று அகமதாபாத்தில் பிறந்தார். நம்ம ராஜபாளையம் மாதிரி அதுவும் மில் ஊர். அப்பா அம்பாலால் பெரிய மில் முதலாளி. மகனுக்கோ இயற்பியல் மேலதான் ஆசை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்தார். உலகப்போர் வந்ததால் திரும்பி வந்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1947-ல் டாக்டர் பட்டம் வாங்கி, அதே வருடம் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். அப்போ வயசு 28!

இப்போ வானத்துக்கு வருவோம். சூரியனின் புற ஊதாக்கதிர் மேல்காற்றில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து விடுகிறது. இப்படிப் பிரிந்து கிடப்பதுதான் பிளாஸ்மா. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் எலக்ட்ரான்கள் மேற்கே பார்த்து ஆறு மாதிரி ஓடும். கண்மாய் மடையைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து அலையும் சுழியும் வரும்ல? அது போல எலக்ட்ரான்கள் ரொம்ப வேகமாக ஓடினால் பிளாஸ்மாவிலும் அலைகள் கிளம்பும்.

இதை அங்கேயே போய் எப்படி அளப்பது? பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு கீழே சுற்றாது. ராக்கெட்தான் ஒரே வழி. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால், திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மக்கள் தங்கள் தேவாலயத்தையே விட்டுக்கொடுத்தார்கள். ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் போயின! 21.11.1963 அன்று முதல் ராக்கெட் பறந்தது. நம்ம ராமேஸ்வரம் அப்துல் கலாமும் அந்தக் குழுவில் இருந்தார். பிறகு தும்பாவிலிருந்து போன ராக்கெட்டுகள் அந்த எலக்ட்ரான் அலைகளையும் அளந்தன.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதுக்குன்னு கேட்டவங்க உண்டு. செயற்கைக்கோள் வழியாகக் கிராமத்துக்கும் பாடம் போய்ச் சேரும் என்று சாராபாய் நம்பினார். 1975-76-ல் அது நடந்தது; சுமார் 2400 கிராமங்கள் டி.வி.யில் பார்த்தன. பார்க்க அவர் இல்லை. 30.12.1971 அன்று கோவளத்தில் 52 வயதில் காலமானார். 2023-ல் நிலாவில் இறங்கிய விக்ரம் லேண்டர் அவர் பெயர்தான்.

எங்க தெருவுல பொம்பளப் பிள்ளைக்குப் பத்தாவது போதும், மில்லுக்குப் போகட்டும்னு சொல்றவங்க இருக்காங்க. மில் முதலாளி பிள்ளைக்கு வானத்து மேல ஆசை வந்துச்சே, மில் வேலைக்குப் போகிற அம்மாவோட பிள்ளைக்கு வரக்கூடாதா? பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவுதான் எடுப்பேன்னு வீட்டில் சொல்லிட்டேன். பதில் இன்னும் வரல.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சுந்தரபாண்டியம்