ஆபிரகாம் பண்டிதரும் இருபத்துநான்கு சுருதிகளும்

தமிழிசையின் பெருமையைப் பற்றி மேடையேறிப் பேசுவோர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் பெயரை ஒருமுறையேனும் உச்சரியாமல் இறங்குவதில்லை. அவர் இயற்றிய கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர் பலர். பிரித்துப் பார்த்தவர் மிகச் சிலர். ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலில் கணக்குகளும் அட்டவணைகளும் நிறைந்து கிடப்பதே இதற்குக் காரணம் போலும். கணக்கைக் கண்டு அஞ்சி அட்டையை மட்டும் வணங்குவது அப்பெரியாருக்குச் செய்யும் மரியாதையாகாது. அவர் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் வேண்டி நின்றது விசாரணை ஒன்றையே. அவ்விசாரணையை நம் நேயர்கள் முன் சிறிதளவு நடத்திப் பார்க்க விரும்புகிறோம்.

பண்டிதர் 1859-ம் வருஷம் ஆகஸ்டு 2-ந் தேதி, அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவில் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் எளிய கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். அங்கிருந்த காலத்திலேயே சடையாண்டிப் பத்தரிடம் பிடில் பயின்றார். சித்த வைத்தியத்தில் பற்றுக் கொண்டு மூலிகை தேடி மலைகளில் அலைந்தார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் பெரியவர் தமக்கு மருந்து முறைகளை உபதேசித்தார் என்பது அவர் கூற்று. பிற்காலத்தில் தம் தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டமையும், நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்று பெயரிட்டமையும் அந்த நன்றியின் அடையாளங்களாகும். கிறிஸ்தவ விசுவாசத்தில் சற்றும் தளராத ஒருவர் மலைத்துறவி ஒருவரைக் குருவாக வாழ்நாளெல்லாம் போற்றினார் என்பதை மதச்சண்டையில் பொழுது போக்குவோர் கவனிப்பாராக.

தஞ்சைக்குக் குடியேறி, அங்கே லேடி நேப்பியர் பெண் பாடசாலையில் அவரும் அவர் மனைவியாரும் ஆசிரியராக அமர்ந்தனர். சில ஆண்டுகளில் அவ்வேலையை விட்டு வைத்தியத்தையே தொழிலாகக் கொண்டார். அவருடைய கோரோசனை மாத்திரை கடல் கடந்தும் விலைபோயிற்று. ஊருக்கு வெளியே பெருந்தோட்டம் அமைத்து மூலிகையும் கரும்பும் பயிரிட்டார். கவர்னர் லாலி துரை அதனைப் பார்வையிட்டார். 1909-ல் சர்க்கார் ராவ் சாகிப் பட்டம் அளித்தது. அந்தப் பட்டத்தைப் பற்றி நமக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி ஒன்றுமில்லை. ஆனால் மாத்திரை விற்று வந்த பணத்தை அவர் எங்கே கொட்டினார் என்று பார்க்குங்கால், பட்டத்தை மறந்துவிடுவது எளிதாகிறது.

1912-ல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் சபையை நிறுவினார். வித்துவான்களையும் சாஸ்திரம் கற்றோரையும் அழைத்து, தம் சொந்தச் செலவில் அடுத்தடுத்து மகாநாடுகள் கூட்டினார். சென்னை சங்கீத வித்வத் சபை தோன்றியது 1928-ல். தமிழ் இசைச் சங்கம் தோன்றியது 1943-ல். அவற்றுக்கெல்லாம் முன்னே, ஜாதியாலும் மதத்தாலும் வித்துவான்கள் கூட்டத்துக்குப் புறம்பான ஒரு நாட்டு வைத்தியர், ராகங்களுக்கு லட்சணம் என்ன, சுருதிகள் எத்தனை என்று சபை கூட்டிக் கேட்டார். அக்காலத்துத் தஞ்சையில் இதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி வழக்குக்கு வருவோம். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் இருபத்திரண்டு என்று பரத சாஸ்திரமும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் செய்த சங்கீத ரத்னாகரமும் கூறும். அவ்விருபத்திரண்டும் எவ்வளவு எவ்வளவு என்பதில்தான் சண்டை. மகாராஷ்டிரத்தில் தேவல் என்பவர் 1910-ல் நூல் எழுதி, சிறு எண்களின் விகிதங்களால் அவற்றுக்கு அளவு கூறினார். பம்பாய் மாகாணத்தில் ஜில்லா ஜட்ஜியாக இருந்த கிளெமெண்ட்ஸ் துரை அம்முறையைத் தழுவி, 22 சுருதிகளுக்கும் ஏற்ப ஆர்மோனியம் ஒன்றைச் செய்வித்தார்.

பண்டிதர் இதனை மறுத்த வகை சுவையானது. தந்தியில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் பஞ்சமம் பிறக்கும். தமிழில் இது குரலுக்கு இளி. அந்த இளியையே குரலாக வைத்து அதற்கு இளி காண்க. இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால் பன்னிரண்டு சுரங்களும் தோன்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஆனால் கணக்குப் போட்டால் சேருவதில்லை. ஏழாவது மேல் ஸ்தாயியின் சட்ஜம் 128 ஆக வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 129¾ ஆக நிற்கிறது. மிகுதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. தேர்ந்த செவிக்கு அது பொறாத பிழை. ஆகவே மூன்றில் இரண்டு என்பது துல்லியமான அளவன்று, ஒவ்வோர் இளியையும் அணுவளவு குறைத்தால்தான் வட்டம் மூடும் என்பது பண்டிதரின் வாதம். 30 அங்குலத் தந்தியில் 20 அங்குலத்தில் நிற்க வேண்டிய பஞ்சமம், இதனால் நகர்வது அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவே.

வட்டம் என்ற எண்ணத்தை அவர் வானத்திலிருந்து பறிக்கவில்லை. 1892-ல் சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில், ஆய்ச்சியர் குரவையில் ஏழு சுரங்களின் பெயர் பூண்ட ஏழு மகளிர் வட்டமாக நின்று ஆடுகின்றனர். இராசி வட்டத்தில் சுரங்களை நிறுத்திப் பாலைகளைப் பிறப்பிக்கும் முறையை உரையாசிரியர்கள் விளக்குகின்றனர். எந்தச் சுரத்தைக் குரலாக வைத்தாலும் புதிய பாலை பிழையின்றிப் பிறக்க வேண்டுமாயின், படிகள் யாவும் சமமாக இருத்தல் வேண்டும் என்று பண்டிதர் கண்டார். முழுச்சுரத்துக்கு நான்கு அலகும் அரைச்சுரத்துக்கு இரண்டு அலகும் கொடுத்தால் 4, 4, 4, 2, 4, 4, 2 என ஏழு சுரங்களுக்கும் கூட்டுத்தொகை 24. அப்படியாயின் தமிழ் உரைகளிலேயே 22 என்று வருவது ஏன்? கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடும் வழக்கால் அவ்வாறு வந்தது என்கிறார். குறைத்துப் பாருங்கள்; தொகை சரியாகவே நிற்கிறது. எதிரியின் ஆவணத்தையே தமக்குச் சாட்சியாக்கும் இந்தச் சாமர்த்தியம் எந்த வக்கீலையும் பொறாமை கொள்ளச் செய்யும்.

1916-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், பாத்கண்டேயின் முயற்சியாலும் மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவாலும் பரோடாவில் அகில இந்திய சங்கீத மகாநாடு கூடிற்று. பண்டிதர் அங்கே சென்று தம் கணக்கைச் சபையில் வைத்தார். கணக்கோடு நில்லாமல், தம் குடும்பத்துப் பெண்களை உடனழைத்துச் சென்று சுருதிகளைப் பாடிக் காட்டவும் செய்தார். குலஸ்திரீகள் சபையேறிப் பாடுவதைக் குறைவாக எண்ணிய காலம் அது. சாஸ்திர விவகாரத்தில் பெண்களின் குரலைச் சான்றாக நிறுத்தினார் என்பதற்காகவே அவருக்கு நம் வந்தனம் உரியது. சுருதி வழக்கோ பரோடாவோடு முடிந்துவிடவில்லை. மறு ஆண்டில், 1917-ல், கருணாமிர்த சாகரம் அவருடைய சொந்த அச்சுக்கூடத்தில் அச்சாகி வெளிவந்தது. நுண்ணிய தசாம்ச எண்கள் நிறைந்த அட்டவணைகளை எழுத்துக் கோத்துப் பிழை திருத்துவது எத்தகைய தொல்லை என்பது அச்சுக்கூடம் நடத்தும் நம் போன்றார்க்கே தெரியும்.

நம் அபிப்பிராயத்தை மறைப்பதற்கில்லை. வட்டம் மூட வேண்டுமானால் சமபாகம் வேண்டும் என்ற கணக்கில் பிழையில்லை. அதே கணக்கைச் சீன தேசத்தில் சூ ட்சாயூ என்னும் இளவரசர் 1584-லேயே போட்டிருக்கிறார். பியானோவின் பன்னிரண்டு கட்டைகளும் அவ்வளவிலேயே சுருதி கூட்டப்படுகின்றன. பண்டிதர் ஐரோப்பிய சங்கீதமும் கற்றவர். ஆதலால் பியானோவின் அளவை இளங்கோவடிகளின் மேல் ஏற்றினாரோ என்று ஐயுறுவோரை நாம் தேசத்துரோகிகள் என்று வைய மாட்டோம். இளங்கோவும் உரையாசிரியரும் வட்டம் சொன்னார்கள். தந்தியின் நீளத்துக்கு எண் சொல்லவில்லை. வட்டம் இருந்தது என்பது ருசுவாகிறது. சமபாகம் இருந்தது என்பது ஊகமாகவே நிற்கிறது.

செவியின் சாட்சியும் ஒன்று உண்டு. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் மந்தரத் தந்தியை மீட்டிக் காத்திருந்தால், யாரும் தொடாமலே அந்தர காந்தாரம் ஒலிக்கும். 30 அங்குலத் தந்தியில் அந்தக் காந்தாரத்தின் இடம் 24 அங்குலம். சமபாகக் கணக்கின்படியோ 23.81 அங்குலம். பஞ்சமத்தில் காணாமற்போன வேற்றுமை காந்தாரத்தில் அங்குலத்தின் ஐந்தில் ஒரு பங்களவாகப் பெருகி நிற்கிறது. தம்பூராவை அருகில் வைத்துக்கொண்டு பாடும் நம் வித்துவானின் குரல் எந்தக் காந்தாரத்தை நாடும்? நம் மனம் தம்பூராவின் பக்கமே சாய்கிறது. கமகத்தால் அசைந்து வரும் காந்தாரமாயின், இரு கட்சியாரின் எண்ணும் அதனைப் பிடித்து நிறுத்த மாட்டா என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆயினும் இவ்வளவு திட்டமாக நாம் மறுக்க முடிகிறதே, அது பண்டிதரின் கொடை. எண் சொல்லாதவனை மறுக்க எவராலும் ஆகாது. சங்க நூல்களில் எல்லாம் உண்டு என்று முழங்கிவிட்டுப் போகிறவர்கள் தங்களை எந்தக் குறுக்கு விசாரணைக்கும் ஒப்புக்கொடுப்பதில்லை. பண்டிதர் தந்தியின் நீளத்தைத் தசாம்சம் வரை எழுதிக் கையொப்பமிட்டார். வடமொழி நூல்களைக் கொண்டே நம் சங்கீதத்துக்குச் சரித்திரம் எழுதி வந்த காலத்தில், சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அகில இந்திய சபையில் அவற்றுக்குச் செவி கொடுக்கச் செய்தார். விபுலானந்த அடிகள் யாழ் நூல் எழுதி 1947-ல் வெளியிட்டபோது, தமிழிசையின் அலகுகளைக் கணக்கிட்டு ஆராயும் வழி அவருக்கு முன்பே திறந்து கிடந்தது.

1919-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி, அறுபது வயது நிரம்பிய அதே மாதத்தில், பண்டிதர் காலமானார். ராகங்களைப் பற்றி அவர் எழுதி வைத்த இரண்டாம் புத்தகம் அச்சேறாமல் கிடந்தது. அதனை வெளியிடும் பொறுப்பை ஏற்றவர் அவருடைய மகள் மரகதவல்லி அம்மையார். நூல் 1946-ல் வெளிவந்தது.