இடது மூளையா, வலது மூளையா? யார் இந்த ரோஜர் ஸ்பெர்ரி?

நீங்க இடது மூளைக்காரரா, வலது மூளைக்காரரா? இப்படி ஒரு டெஸ்ட் உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். இதற்கெல்லாம் ஆதாரமாக இழுக்கப்படும் பெயர் ரோஜர் ஸ்பெர்ரி. 1981-ல் மருத்துவ நோபல் பரிசில் பாதியைப் பெற்ற அமெரிக்க விஞ்ஞானி. பார்வை பற்றி ஆராய்ந்த ஹியூபெல், வீசல் இருவரும் மீதிப் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

1913-ல் ஹார்ட்ஃபோர்டில் பிறந்த ஸ்பெர்ரிக்கு 11 வயதிலேயே அப்பா இல்லை. ஓபர்லின் கல்லூரியில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம். கூடைப்பந்து அணிக்கு கேப்டன் வேறு! அங்கே எடுத்த உளவியல் பாடம் ஒன்று பாதையை மாற்றியது. முதுகலை உளவியலில் முடித்தார். பிறகு விலங்கியலுக்குத் தாவி, 1941-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

குருவையே மறுத்த சிஷ்யர்

அங்கே அவருக்கு வழிகாட்டி பால் வைஸ். நரம்புக்கென்று தனி இடம் கிடையாது, எதோடு போய்ச் சேர்கிறதோ அதற்கேற்ப வேலை செய்யும் என்பது வைஸின் கருத்து. ஸ்பெர்ரி அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினார். எலியின் இடது பின்னங்கால் நரம்பை வலது பாதத்துக்குக் கொண்டுபோய் இணைத்தார். வலது பாதத்தில் ஷாக் கொடுத்தால் எலி இடது காலைத் தூக்கியது. எத்தனை முறை பட்டும் திருந்தவே இல்லை.

அடுத்து தவளை. பார்வை நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்தது, பார்வையும் வந்தது. ஆனா பூச்சி மேலே இருந்தால் தவளை கீழே பாய்ந்தது! ஒவ்வொரு நரம்பு இழையும் வேதியியல் அடையாளத்தை வைத்துத் தன் பழைய விலாசத்துக்கே போய்ச் சேர்கிறது என்பது ஸ்பெர்ரி கண்ட விளக்கம்.

நடுவில் காசநோய் படுத்தியது. சிகாகோவில் நிரந்தர வேலையும் கிடைக்கவில்லை. 1954-ல் கால்டெக் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

மூளைக்குள் ரெண்டு பேரா?

1960-களில், கடுமையான வலிப்பு நோயாளிகள் சிலருக்கு மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை டாக்டர்கள் வெட்டினார்கள். வெளியே பார்த்தால் அவர்களிடம் பெரிய மாற்றம் தெரியாது. ஸ்பெர்ரியும் மாணவர்களும் அவர்களைத் திரை முன் உட்கார வைத்தார்கள். திரையின் இடது பக்கம் ஒரு பொருளின் பெயர் மின்னி மறையும். என்ன தெரிந்தது என்று கேட்டால், ஒன்றும் தெரியவில்லை என்பார் நோயாளி. ஆனால் அவரது இடது கை, திரைக்குப் பின்னால் தடவி அதே பொருளைச் சரியாக எடுக்கும்! வார்த்தையைப் பார்த்தது வலது பாதி. பேசுவதோ இடது பாதி. நடுவில் பாலம் இல்லை, அதான் விஷயம்.

இது பாலம் அறுபட்டவர்களிடம் கண்டது. நமக்கெல்லாம் இரண்டு பாதியும் ஓயாமல் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன. இடது, வலது என்று ஒரேயடியாகப் பிரித்து எங்கேயோ போய்விடாதீர்கள் என்று நோபல் உரையிலேயே ஸ்பெர்ரி எச்சரித்தார். டெஸ்ட் அனுப்புகிறவர்கள் காதில் அது விழுந்த மாதிரி தெரியலை.

1994 ஏப்ரல் 17-ம் தேதி, 80 வயதில், கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஸ்பெர்ரி காலமானார்.