வ.வே.சு. ஐயர்: குறிபார்க்கக் கற்பித்த ஆசான்

தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவர் எனப் போற்றப்படும் வ.வே.சு. ஐயர் மறைந்தது 1925 ஆம் ஆண்டு ஜூன் 3 ஆம் திகதியாகும். எழுத்தாளர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனை ஆராய்ந்தவர் என்ற வகையிலேயே அவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். இளைஞர்களுக்குக் கைத்துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடக் கற்பித்த ஆசானும் அவரே. அவரது வாழ்வின் அந்தப் பக்கத்தை மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நாம் இலகுவில் கடந்து செல்ல முடியாது. இந்த மண்ணிலும் ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கைகளில் துவக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்களின் பொறுப்பு எது என்ற வினாவுக்கு இன்னும் விடை கூறப்படவில்லை. அந்த வினாவோடு ஐயரின் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையதெனக் கருதுகிறோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881 ஆம் ஆண்டு ஏப்ரல் 2 ஆம் திகதி பிறந்தவர் வேங்கடேச சுப்பிரமணியம். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் கற்று, சட்டத் தேர்வில் தேறி, வழக்குரைஞராகத் தொழில் புரிந்தார். பின்னர் ரங்கூன் சென்று, அங்கிருந்து பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் 1907 இல் இலண்டனை அடைந்தார். ஹைகேற் பகுதியில் இருந்த இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் இல்லம் அவரது பாதையை மாற்றியது. அங்கே சாவர்க்கருடன் ஏற்பட்ட நட்பு அவரை ஆயுதப் புரட்சியின் பக்கம் திருப்பிற்று. படிப்பை முடித்தும், ஆங்கிலேய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மனமின்றிப் பாரிஸ்டர் பட்டத்தைத் துறந்தார்.

அந்த இல்லத்துடன் தொடர்புடையவர்களுள் மதன்லால் திங்ராவும் ஒருவர். இலண்டன் டொட்டன்ஹாம் கோர்ட் வீதியில், கட்டணம் செலுத்தி எவரும் சுட்டுப் பழகக்கூடிய ஓர் இடம் இருந்தது. திங்ரா அங்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை சென்று சுட்டுப் பழகினார். 1909 ஜூலை 1 ஆம் திகதி மாலையும் அங்கு சென்று சுட்டுவிட்டு, அன்றிரவே கேர்சன் வைலி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். ஆகஸ்ட் 17 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். தாள் இலக்கிலிருந்து மனித உடலுக்குச் சில மணி நேரமே இடைவெளி இருந்தது.

1910 இல் சாவர்க்கர் கைதானதும், ஐயர் மாறுவேடம் பூண்டு ஐரோப்பாவிலிருந்து தப்பி, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை வந்தடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தனர். ஐயர் தம்மை நாடி வந்த இளைஞர்களுக்கு உடற்பயிற்சியுடன் துப்பாக்கிச் சுடுதலையும் கற்பித்தார். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையில் சாதாரண ஊழியர், வயது இருபத்தைந்து. 1911 ஜூன் 17 ஆம் திகதி மணியாச்சிப் புகையிரத நிலையத்தில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைப் பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதன், மேடையிலிருந்த கழிவறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக் கொண்டார்.

கைத்துப்பாக்கி கற்பதற்குக் கடினமான ஆயுதம். அதைத் தாங்குவதற்குத் தோள் இல்லை. நீட்டிய கை மாத்திரமே உண்டு. மூச்சு சற்று அசைந்தாலும், விசையை விரல் வெடுக்கென இழுத்தாலும் குறி தவறிவிடும். இன்று உலகெங்கும் பதின்ம வயதினர் இதனை விளையாட்டாகப் பயில்கின்றனர். பத்து மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் நடுவளையம் 11.5 மில்லிமீற்றர் அகலமே உடையது. 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் மனு பாக்கர் தமது பதினாறாவது வயதில் அப்போட்டியில் தங்கப்பதக்கம் வென்றார். இத்தகைய பயிற்சிக் களங்களில் மாணவர் முதலில் கற்பது சுடுவதையன்று. துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கின் திசையையே நோக்க வேண்டும். குறி உறுதியாகும் வரை விரல் விசையைத் தொடலாகாது. பயிற்றுநர் நிறுத்து என்றதும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு அருகில் ஒருவர் இருப்பதனாலேயே அது பயிற்சிக் களமாகிறது. மணியாச்சியில் வாஞ்சிநாதனின் அருகில் அச்சொல்லைச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

ஆஷ் கொலை வழக்கில் பதினான்கு பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. கற்பித்தவரோ பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தமையால் கைதாகவில்லை. வாஞ்சிநாதன் மறைந்த பின்னும் ஐயர் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் செய்தவை எவை என்பதே எமது கவனத்துக்குரியது. குளத்தங்கரை அரசமரம் என்ற சிறுகதையை எழுதினார். அவரது திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1916 இல் வெளியாயிற்று. 1920 இல் புதுச்சேரியை விட்டு வெளியேறி, சென்னையில் தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியரானார். அதில் வெளியான கட்டுரைக்காகச் சிறை சென்றார். பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆராய்ச்சியில் ஈடுபட்டார். விடுதலையான பின் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தை நிறுவினார். துப்பாக்கி பிடிக்கக் கற்பித்த கை, சிறுவருக்கு எழுத்துக் கற்பிக்க முனைந்தது.

அந்த முயற்சியும் குறை நீங்கியதாக அமையவில்லை. பொதுமக்களின் நன்கொடையில் நடந்த குருகுலத்தில் பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்கியே அவ்வாறு செய்ததாக ஐயர் தரப்பில் கூறப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களது எதிர்ப்பு நியாயமானதே. சமத்துவத்தைக் கற்பிக்க வேண்டிய இடத்தில் பந்தி பிரிக்கப்பட்டமைக்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. 1925 இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். சில வாரங்களுக்குள், பாபநாசத்தில் கல்யாண தீர்த்த அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்ற நீரில் இறங்கி, தாமும் மாண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

இனி எமது வாவிக்கரைக்கு வருவோம். 1989 இல் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில், இங்குள்ள இளைஞர்கள் பலாத்காரமாகப் பிடிக்கப்பட்டு ஆயுதமேந்தச் செய்யப்பட்டனர். பிற்பட்ட ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் பாடசாலைச் சிறுவரையும் சேர்த்துக்கொண்டனர். 2004 மார்ச்சில் கருணா பிரிந்ததைத் தொடர்ந்து பெருந்தொகையான சிறுவர்கள் விடுவிக்கப்பட்டு வீடு திரும்பினர். ஆனால், அவர்களுள் பலரைப் புலிகள் மீண்டும் தேடிச் சென்றனர். பின்னர் கருணா அணியினரும் சிறுவர்களைக் கடத்தினர். சிறுவரைப் போரில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச உடன்பாட்டை இலங்கை 2000 ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்தும், அரச கட்டுப்பாட்டுப் பகுதிகளில் நடந்த கடத்தல்கள் தடுக்கப்படவில்லை.

வாஞ்சிநாதன் வயது வந்தவர். தாமாகவே புதுச்சேரி சென்றவர். எமது சிறுவர்களுள் பலருக்கு அந்தத் தெரிவுகூட இருக்கவில்லை. ஆதலால் ஐயரையும் இங்கு துவக்குக் கொடுத்தவர்களையும் ஒரே தராசில் நிறுக்க நாம் முற்படவில்லை. எனினும், குறிபார்க்கக் கற்பிப்பவர் அந்தக் குண்டு சென்று சேரும் இடத்துக்கும் பொறுப்பாளி என்ற நியதி இருவருக்கும் பொதுவானது. அந்தப் பொறுப்பை ஐயர் வாய்விட்டு ஏற்றாரா என்பதை விட, தமது இறுதி ஆண்டுகளைச் சிறுவரின் கல்விக்குக் கொடுத்தார் என்பதே எமக்கு முக்கியமானது. இங்கு கட்டளையிட்டவர்கள் எவரும் அந்த அளவுக்குத்தானும் கடன் தீர்த்ததாக நாம் அறியோம்.

ஐயர் மறைந்து நான்காண்டுகளின் பின், 1929 இல், காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வாவிக்கரைச் சிறுவருக்கு இந்த மண் அளிக்க விரும்பியது அதுவே. இடையில் அவர்களிடமிருந்து கல்வியைப் பறித்து ஆயுதத்தைக் கொடுத்தவர்கள், திரும்பி வராத பிள்ளைகளின் பெயர்களையாவது அப்பெற்றோருக்கு முன் உரத்துச் சொல்லட்டும். நிறுத்து என்று அன்று சொல்லத் தவறியவர்கள் இன்று செய்யக்கூடிய குறைந்தபட்சக் கடமை அதுவாகும்.