மார்கரெட்டே ஸ்டைஃப் அம்மையார்

வீட்டிலிருந்தபடியே சிறு தொழில் ஒன்றைத் தொடங்க விரும்பும் நம் இல்லத்துப் பெண்மணிகள் முதலில் எழுப்பும் வினா, முதலுக்கு எங்கே போவது என்பதுதான். கையிலுள்ள திறமையும் ஒரு முதலே என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனைக் கணக்கில் சேர்த்து வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ஜெர்மனியின் தென்பகுதியில், பிரென்ஸ் ஆற்றங்கரையில் கீங்கன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கட்டடத் தொழில் செய்துவந்த ஒருவரின் நான்கு மக்களுள் மூன்றாமவராக, 1847ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள் மார்கரெட்டே பிறந்தார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. கால்கள் இரண்டும் செயலற்றன, வலக்கையும் வலுவிழந்தது. ஆயினும் கல்வி தடைப்படவில்லை. உடன்பிறந்தாரும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அவரைக் கைவண்டியில் அமர்த்திப் பள்ளிக்கு இழுத்துச் சென்றனர்.

பெற்றோர் நம்பிக்கை இழக்கவில்லை. 1856இல் லுட்விக்ஸ்பர்க் நகரில் அறுவை மருத்துவம் நடைபெற்றது. பின்னர் வில்ட்பாட் வெந்நீர் ஊற்றுகளுக்கும் அழைத்துச் சென்றனர். எதுவும் பயன் தரவில்லை. பதினேழாம் வயதில் மார்கரெட்டே ஒரு முடிவுக்கு வந்தார். இனிக் குணமாகும் நாளை எதிர்பார்த்திருப்பதில்லை. இருக்கின்ற உடலைக் கொண்டே வாழ்வது என்பது அம்முடிவு. அவர் மருத்துவத்தை இகழ்ந்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பயனில்லை எனத் தெளிந்த பின்னும் காத்திருந்து வாழ்நாளைக் கழிக்க அவர் உடன்படவில்லை, அவ்வளவே. அவருடைய வாழ்வில் நிகழ்ந்த பெரிய செயல் இதுவே என்று நாம் கருதுகிறோம். பிற்காலத்து வெற்றிகள் இதற்குப் பின்னிட்டவையே.

தையற் பள்ளியில் சேர்ந்து, வலக்கையின் வலியையும் பொறுத்துக்கொண்டு ஊசி வேலை பயின்றார். தமக்கையர் இருவரும் பெண்களுக்கான ஆடை தைக்கும் தொழிலை நடத்தியபோது அவர்களுடன் அமர்ந்து தைத்தார். சிதர் என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டக் கற்று, அதனைப் பிறருக்குக் கற்பித்தும் சிறிது பொருள் ஈட்டினார். பின்னர்த் தையல் எந்திரம் வந்தது. அதனைச் சுழற்றும் சக்கரமோ வலப்புறத்தில் இருந்தது. அவருடைய வலக்கைக்கு அவ்வலிமை இல்லை. எந்திரத்தைப் பின்புறமாகத் திருப்பி வைத்து, இடக்கையால் சக்கரத்தைச் சுழற்றித் தைத்தார். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளை வலக்கைக்கு மாற்றப் பாடுபட்ட வகுப்பறைகள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். இவரோ கையை வருத்தாமல் எந்திரத்தைத் திருப்பிவிட்டார்!

1874இல் தந்தையார் வீட்டைத் திருத்தி அவருக்கென ஒரு பணியறை அமைத்துத் தந்தார். 1877இல் கம்பளி ஃபெல்ட் துணியால் ஆயத்த ஆடைகள் தைத்து விற்கும் கடையைத் தொடங்கினார். இத்துணி நெய்யப்படுவதன்று. ஆட்டு மயிரை ஈரத்தாலும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்து உண்டாக்குவது. வெட்டிய ஓரம் நூல் பிரியாது. ஆதலின் மடித்துத் தைக்க வேண்டுவதில்லை. உறவினர் ஒருவரின் ஆலையிலிருந்தே துணி கிடைத்தது. உள்பாவாடைகள் நன்கு விற்பனையாயின. வேலைக்கு ஆட்களையும் அமர்த்திக்கொண்டார். எட்டாத சரக்கைத் தேடி அலையாமல், அருகில் கிடைத்த பொருளின் இயல்பை அறிந்து தொழிலை அமைத்துக்கொண்ட திறம் நோக்கத்தக்கது.

1879ஆம் ஆண்டின் இறுதியில், ஆடையலங்கார இதழ் ஒன்றில் சிறு யானை உருவத்தின் மாதிரியைக் கண்டார். அதைக் கொண்டு ஃபெல்ட் துணியில் ஊசி செருகி வைக்கும் சிறு திண்டுகளைத் தைத்து, உற்றார் உறவினருக்கு அன்பளிப்பாக அளித்தார். அவர்கள் அதில் ஊசி செருகினார்களோ இல்லையோ, வீட்டுக் குழந்தைகள் அதைத் தூக்கிக்கொண்டு போய் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அக்காலத்துப் பொம்மைகள் பெரும்பாலும் மரத்தாலும் பீங்கானாலும் தகரத்தாலும் ஆனவை. அணைத்துக்கொண்டு உறங்கத்தக்க மென்மை அவற்றுக்கு ஏது?

அவர் உடனே ஆடைத் தொழிலைக் கைவிடவில்லை. யானைகளைச் சிறிது சிறிதாகத் தைத்து வந்தார். தம்பி ஃபிரிட்ஸ் ஒரு பை நிறைய அவற்றை எடுத்துச் சென்று ஹைடன்ஹைம் சந்தையில் விற்றுத் திரும்பினார். 1886ஆம் ஆண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகள் விலைபோயின. குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம், முயல் ஆகியவை பின்தொடர்ந்தன. 1892இல் படங்களுடன் விலைப்பட்டியல் வெளிவந்தது; 1893இல் ஃபெல்ட் பொம்மைத் தொழிற்சாலை என நிறுவனம் முறையாகப் பதிவாயிற்று. மழலையர் வாயில் வைக்கும் பொருளாயிற்றே என்று, புதிதாக வந்த ஒவ்வொரு மாதிரியையும் அம்மையார் தாமே தைத்துப் பார்த்துக் குறை களைந்தார்.

தம்பி மகன் ரிச்சர்டு ஓவியப் பயிற்சி பெற்றவர். ஸ்டுட்கார்ட் நகர விலங்குக் காட்சிசாலையில் கரடிகளை வரைந்து வரைந்து பழகியவர். 1902இல் அவர் மோஹேர் என்னும் வெள்ளாட்டு மயிர்த் துணியால், கைகால்கள் அசையும் கரடிப் பொம்மையை உருவாக்கினார். விலை மிகும் என அம்மையார் முதலில் தயங்கினார். எனினும் இளைஞரின் முயற்சிக்குக் குறுக்கே நிற்கவில்லை. 1903இல் லைப்சிக் கண்காட்சியில் அமெரிக்க வணிகர் ஒருவர் மூவாயிரம் கரடிகளுக்கு ஆணை கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டையின்போது மரத்தில் கட்டுண்ட கரடியொன்றைச் சுட மறுத்த செய்தி அந்நாட்டில் பரவியிருந்தது. அவர் சுடவில்லையேயன்றி அக்கரடி பிழைக்கவில்லை. காயமுற்றிருந்ததால் பிறரைக் கொண்டு அதன் உயிரைப் போக்கச் செய்தார். இப்பகுதியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். எவ்வாறாயினும் அவருடைய செல்லப் பெயரான டெடி என்பது பொம்மைக் கரடிக்கு நிலைத்துவிட்டது.

1907ஆம் ஆண்டில் மட்டும் 9,74,000 கரடிகள் உருவாயின. தொழிற்சாலையில் சுமார் 400 பேர் பணியாற்ற, ஏறத்தாழ 1,800 பேர் தத்தம் வீடுகளிலிருந்தே தைத்துக் கொடுத்தனர். அடுப்பையும் குழந்தையையும் விட்டு வர இயலாத பெண்களுக்கு வேலை அவர்களுடைய வாசலைத் தேடிச் சென்றது. போலிகள் பெருகவே, 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் உலோகப் பொத்தான் பதிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் பொறித்திருந்த உருவம் யானையே.

அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. தொழிலைத் தம்பியின் மக்களிடம் ஒப்படைத்துவிட்டு, 1909ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், 61ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் கீங்கனிலேயே காலமானார்.