பெண்டிங்க் பிரபுவின் தராசு

பொதுக் காரியத்தில் இறங்கியவர் எவரும் ஒருநாள் தர்மசங்கடத்தில் அகப்பட்டே தீருவர். இரு வழிகளிலும் தீங்கு இருக்குமாயின் எதைக் கொள்வது? விளையும் இன்பதுன்பங்களைக் கூட்டிக் கழித்து, மிகப் பலருக்கு மிக்க நன்மை தருவதே செய்யத்தக்கது என்று விடை பகர்ந்தார் ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கில அறிஞர். அக்கொள்கையை நம் தேசத்தில் பிரயோகித்தவர் வில்லியம் பெண்டிங்க் பிரபு.

1774இல் உயர்குலத்தில் பிறந்த அவர், 1803இல் இளவயதிலேயே சென்னை ராஜதானியின் கவர்னரானார். சிப்பாய்கள் நெற்றிக்குறி அணியலாகாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவிதத் தலைப்பாகை தரிக்க வேண்டும் என்ற சேனாதிபதியின் உத்தரவுகளுக்கு அவர் துணைநின்றார். சிப்பாய்களின் மனப்புண்ணை எவரும் எடைபோடவில்லை. 1806 ஜூலை 10ந் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டை கொதித்தெழுந்தது. வெள்ளையர் நூற்றுவருக்கு மேலும், சிப்பாய்கள் பல நூற்றுவரும் மாண்டனர். மறு ஆண்டில் கம்பெனி டைரக்டர்கள் பெண்டிங்கைத் திருப்பியழைத்தனர்.

1828இல் அவர் கவர்னர் ஜெனரலாக மீண்டார். ஆளப்போவது தாமல்ல, பெந்தாமே என்று சொல்லிப் புறப்பட்டதாகக் கூறுவர். அவ்வாண்டில் வங்காள ராஜதானியில் மட்டும் 463 பெண்கள் உடன்கட்டை ஏறியதாகக் கணக்கு. தடுத்தால் சேனை மறுபடியும் கிளர்ந்தெழலாம். தடுக்காவிடில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான உயிர்கள் தீக்கிரையாகும். எது நியாயம்?

வேலூரில் சூடுகண்டவர் இம்முறை அவசரப்படவில்லை. 49 சேனை உத்தியோகஸ்தர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டார். 24 பேர் உடனே தடுக்கலாமென்றனர். அவ்வழக்கத்தை வெறுத்த ராம்மோஹன் ராயுங்கூடப் பகிரங்கச் சட்டம் வேண்டாம், மெல்ல ஒடுக்கலாமென்றார். அந்த 463இல் 420 கீழ் மாகாணங்களில் நிகழ்ந்தவை. சிப்பாய்களிற் பெரும்பாலார் அப்பகுதியினரல்லர் என்பதை பெண்டிங்க் கவனித்தார். கலக பயம் நிச்சயமற்றது, உயிர்ச்சேதமோ நிச்சயம். 1829 டிசம்பர் 4ந் தேதி தடைச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டு சென்னைக்கும் அது பரவிற்று. சேனை கிளர்ந்தெழவில்லை. 1832இல் பிரீவி கவுன்சில் வைதிகர்களின் அப்பீலைத் தள்ளிற்று. 1835இல் நாடு திரும்பிய பிரபு, 1839இல் பாரிஸில் காலமானார்.

அவரைப் பூஜிக்குமாறு நாம் சொல்லவில்லை. அந்நிய ஆட்சியின் நிலைபேறும் அவருடைய தராசில் ஒரு படிக்கல்லாகவே இருந்தது. ஆயினும் அவர் வாழ்வு புகட்டும் பாடம் ஒன்றுண்டு. பெந்தாமின் கணக்கு, துன்புறுவோர் அனைவரையும் சேர்த்தால்தான் கணக்காகும். வேலூரில் விடுபட்டது சிப்பாயின் துன்பம். 1829இல் விதவையின் துன்பம் தட்டில் ஏறிற்று.

ஆங்கிலேயர் அகன்ற பின்பும் வேலூர்ப் பிழை அகலவில்லை. தருமபுரி ஜில்லாவில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20ந் தேதி சந்தனக் கடத்தலை அடக்குவதென்ற பேரால் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஊரையே சூறையாடினர். பெண்களின் மானத்தைக் குலைத்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் எஞ்சிய 215 பேரும் 2011இல் தண்டனை பெற்றனர். காட்டைக் காப்பது பலருக்கு நன்மையே. ஆனால் மலைஜாதியினரின் கண்ணீரைச் சேர்க்காமல் போட்ட கணக்கு, கணக்கன்று, அக்கிரமம்.

பலருடைய நன்மை என்ற சொல் நம் நாவில் எழும்போதெல்லாம், எவருடைய துன்பம் தட்டில் வைக்கப்படாமல் விடுபட்டதென்று பார்ப்பதே தேசத்தொண்டரின் முதற்கடமையாகும்.