பெயர் ஈந்த பெருமகன்

மாணவர் கால்களில் இன்று மிகுதியாகக் காணப்படும் தாழ்ந்த கான்வாஸ் காலணி, கூடைப்பந்துக் களத்திலிருந்து தெருவுக்கு வந்தது. அதற்குப் பெயர் ஈந்தவர் சார்லஸ் ஹோலிஸ் டெய்லர். 'சக்' என்பது செல்லப்பெயர். அவர் பெயரை அணிவோர் பலர். அவரை அறிவோர் சிலர்.

1901ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் அமெரிக்க நாட்டு இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். கொலம்பஸ் நகரப் பள்ளியில் கூடைப்பந்து ஆடினார். 1920களின் தொடக்கத்தில் சிகாகோவில் கான்வெர்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளரானார். 'ஆல் ஸ்டார்' காலணி 1917இலேயே வந்துவிட்டது. எனவே அதைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். புகழ்பெற்ற குழுக்களில் ஆடினார் என்ற செய்திகள் பலவற்றுக்கும் பின்னாளில் ஆராய்ந்தோர்க்குச் சான்று கிட்டவில்லை.

அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன? நடந்தார், ஓட்டினார், கற்பித்தார்! காரில் காலணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். பள்ளிகளில் பயிற்சி முகாம் நடத்திப் பந்தை எறியவும் பிடிக்கவும் சிறுவர்க்குக் காட்டினார். பிறகே காலணியைப் பற்றிப் பேசினார். விற்பனையை அவ்வூர்க் கடைக்காரர்க்கே விட்டுக் கொடுத்தார். கடைக்காரர் பகையாகாமல் துணையானார், கெட்டிக்காரத்தனந்தான். வாழ்நாளின் பெரும்பகுதி விடுதி அறைகளிலேயே கழிந்தது.

1930களின் முற்பகுதியில் கணுக்கால் முத்திரையில் அவர் கையொப்பம் ஏறியது. கோடிக்கணக்கான ஜோடிகள் விற்றன. ஜோடிக்கு இவ்வளவு என்று பங்கு பெற்றாரா? இல்லை, சம்பளம் மட்டுமே. இது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

1957இல் கணுக்காலைக் குறைத்த தாழ்ந்த வடிவம் வந்தது. அந்த வட்ட முத்திரைக்கு அதில் இடமே இல்லை! 1970களில் தோல் காலணிகள் களத்தைப் பிடித்துக்கொள்ள, துணிக் காலணியைத் தெரு ஏற்றுக்கொண்டது.

அன்றாட நடைக்கு அது ஏற்றதா? இலேசானது, காற்றுப் புகும், கால்சட்டை எதற்கும் ஒக்கும். வேட்டிக்கு ஒவ்வாது. அடிப்பாகம் மெல்லியது, தட்டையானது. பாத வளைவைத் தாங்கும் மேடு இல்லை. ஆய்வுக்கூடத்தில் நான்கு மணி நேரம் நின்றால் குதிகாலே தீர்ப்புச் சொல்லிவிடும். கந்தகம் சேர்த்த ரப்பர் விளிம்பைத் துணியோடு ஒன்றாகச் சூடேற்றி ஒட்டுகிறார்கள். விரல் மடியும் இடத்தில்தான் அது முதலில் விட்டுப்போகும். அடி தேய்ந்தால் மாற்றித் தைப்பதும் எளிதன்று. கொல்லயில் பக்கம் ரப்பர் மரத்துக்குக் குறைவில்லை, மழைக்கும் குறைவில்லை. இரு பருவமும் பெய்யும் அந்தச் செம்மண் சரிவில் நனைந்த கான்வாஸ் இரண்டு நாள் உலராது. பாறசாலைச் சந்தைக்கு ரப்பர்ச் செருப்பே மேல். உலர்ந்த நாளில் கல்லூரிக்கு இதுவே போதும்.

டெய்லர் 1968இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு ஜூன் 23ஆம் நாள், 68ஆம் பிறந்தநாளுக்கு முதல்நாள், புளோரிடாவில் மாரடைப்பால் மறைந்தார். அதே 1969இல் கூடைப்பந்துப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆட்டக்காரராக அன்று, ஆட்டத்தை வளர்த்தவர் என்ற வரிசையில்.